ராலே, கேரி பக்கம் குடிவந்தவர்களுக்கு: ஊர் வளர்ச்சியும் தெற்கத்திப் பண்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே, டர்ஹம் பக்கம் நான் குடிவந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. பொங்கல் விழாவிலோ பள்ளிக்கூட வாசலிலோ புதுக் குடும்பம் ஒன்றைப் பார்த்தால் வீடு, பள்ளி, விசா என்று பேச்சு ஓடும். அது அடங்கியதும் பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வி வரும்: “இந்த ஊருக்குன்னு ஒரு பண்பாடு இருக்கா? எங்க பார்த்தாலும் நம்மள மாதிரி வந்தவங்கதானே இருக்காங்க?” அதை ஒட்டிக் கேட்கப்பட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஊரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மற்ற தெற்கு நகரங்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

‘தெற்கு’ என்று இவர்கள் சொல்வது எதை?

வரைபடத்தில் கீழே இருப்பதையெல்லாம் அல்ல. அரிசோனா கீழே இருக்கிறது, அதைத் தெற்கு என்று யாரும் சொல்வதில்லை. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 1860, 1861இல் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போரிட்ட பதினொரு மாநிலங்கள், வர்ஜினியாவிலிருந்து டெக்சாஸ் வரை, அவைதான் இந்தச் சொல்லின் அடிப்படை. வட கரோலினா பெயரில் ‘வட’ இருந்தாலும் தெற்குதான்.

இவ்வளவு பேர் ஏன் இங்கே வந்தார்கள்?

ஒரு காலத்தில் இங்கே புகையிலையும் பருத்தி ஆலையும்தான். படித்த பிள்ளைகள் வேலை தேடி வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். 1959இல் ராலே, டர்ஹம், சேப்பல் ஹில் என்ற மூன்று பல்கலைக்கழக ஊர்களுக்கு நடுவே இருந்த பைன் காட்டில் ஓர் ஆராய்ச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். 1965இல் ஐபிஎம் வந்தது. அதோடு நியூயார்க் பக்கத்திலிருந்து பொறியாளர் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. ராலேயை ஒட்டிய கேரியில் 1960இல் இருந்தவர்கள் 3,356 பேர். 2020 கணக்கெடுப்பில் 1,74,721. அறுபது வருடத்தில் ஐம்பது மடங்கு.

குறைந்த வரி, மலிவான நிலம், சங்கங்களுக்குச் சாதகமில்லாத தொழிலாளர் சட்டம், இவை கம்பெனிகளை இழுத்தன. வீட்டுக்கு வீடு ஏசி வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதத்து ராலே புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேரி என்ற பெயரை வைத்துப் பழைய ஆட்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்களே, என்ன அது?

‘குடிபெயர்ந்து வந்த யாங்கிகளை அடைத்து வைக்கும் பகுதி’ என்று ஆங்கிலத்தில் சொல்லி, அந்தச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோர்த்தால் கேரி என்று வரும். யாங்கி என்றால் வடக்கத்தி ஆள். ‘பாதி திரும்பியவர்கள்’ என்றும் ஒரு பெயர் உண்டு. வடக்கிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், அது ஒத்துவராமல், பாதி வழி திரும்பி வந்து கரோலினாவில் தங்கியவர்கள். இந்தப் பெயர்களெல்லாம் நம்மைக் கண்டு வந்தவை அல்ல. நாம் வருவதற்கு முன்பே இந்த ஊர் ‘வந்தவர்கள்’ என்ற விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது.

உள்ளூர்ப் பேச்சு மறைந்துகொண்டிருக்கிறதா?

ராலேயில் ஆமாம், கண்ணெதிரே. எங்கள் தெருமுனை வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அப்பா புகையிலை பயிரிட்டவர். அந்த அம்மா ‘டைம்’ என்று சொன்னால் நம் காதில் ‘டாம்’ என்று விழும், ‘ஃபைவ்’ என்பது ‘ஃபாவ்’. அவர் மகன் பேச்சில் அது பாதி இருக்கிறது. பேத்தி பேசினால் ராலேயா ஓஹையோவா என்று சொல்ல முடியாது.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ராபின் டாட்ஸ்வொர்த் ராலேக்காரர்களின் பேச்சைப் பதிவு செய்து உயிரொலிகளை அளந்து பார்த்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் பிறந்தவர்களிடம் தெற்கத்தி உயிரொலி கெட்டியாக இருக்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் தலைமுறைக்குத் தலைமுறை தேய்கிறது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், ஐபிஎம் பொறியாளர்களின் பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவைப் போலப் பேசுவதைவிட உடன் விளையாடும் பிள்ளைகளைப் போலத்தான் பேசுகிறார்கள். ஜார்ஜியாவிலும் இதே கதை. அங்குள்ள இரண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு வெள்ளை இனத்தவரின் பேச்சைப் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையில் உச்சத்தில் இருந்த தெற்கத்தி உச்சரிப்பு, அறுபதுகளின் நடுவிலிருந்து பிறந்தவர்களிடம் சட்டென்று சரிந்துவிட்டது என்கிறது.

திண்டிவனம் பக்கத்துப் பிள்ளை சென்னையில் கல்லூரி சேர்ந்த ஆறு மாதத்தில் ‘மல்லாட்டை’யை விட்டுவிட்டு ‘வேர்க்கடலை’ என்று சொல்ல ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி விட்டவன்தான். அந்த அம்மா பேத்தியைப் பற்றிச் சொல்லும்போது குரலில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒரு சொல் மட்டும் தேயவில்லை, நாடு முழுக்கப் பரவுகிறது: ‘யா’ல்’. ஆங்கிலத்தில் ஒருவரானாலும் பத்துப் பேரானாலும் ‘யூ’தான். தமிழ்க் காதுக்கு அது எப்போதும் ஒரு குறை. ‘நீங்க எல்லாரும்’ என்று சொல்ல ஆங்கிலத்தில் ஓர் ஒற்றைச் சொல் வேண்டியிருந்தது, தெற்கு அதைக் கொடுத்தது. வந்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் சொல்லும் அதுதான்.

சாப்பாட்டில் என்ன ஆகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. முதல் முறை மாநிலத்தின் கிழக்குப் பக்கம் காரில் போனபோது சாலையோரம் பெரிய பாத்திரத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தால் உப்புத் தண்ணீரில் தோலோடு அவித்த மல்லாட்டை. தை மாதத்தில் எங்கள் கொல்லையில் அம்மா அவித்துப் போட்ட அதே வாசனை. அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் வறுத்ததுதான் கிடைக்கும், அவித்த கடலை தெற்கத்திக்காரர்களின் தீனி.

அது இங்கே வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியக் கப்பல்களில் ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு இங்கே வந்தது. கடலைக்குத் தெற்கில் சொல்லும் ‘கூபர்’ என்ற பெயர் கொங்கோ பக்கத்து ‘ங்குபா’தான். வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கம்போ என்ற குழம்பின் பெயரே அந்த மக்களின் மொழியில் வெண்டைக்காயைக் குறித்த சொல். தென் கரோலினாவின் கடலோரச் சதுப்பில் நெல் விளைவித்துப் பண்ணை முதலாளிகளைப் பணக்காரர்களாக்கியவர்கள் மேற்கு ஆப்பிரிக்க நெல் சாகுபடி தெரிந்த அடிமைகள். ஆகவே ‘தெற்கத்திச் சாப்பாடு’ என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு, விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் கொடுத்தது. வந்தவர்களால் பண்பாடு கெடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வெண்டைக்காய்தான்.

இப்போது நடப்பது அதன் தொடர்ச்சி. மேற்கே மலைநகரமான ஆஷ்வில்லில் மெஹர்வான் இரானி நடத்தும் ‘சாய் பானி’ என்ற இந்தியத் தெருவுணவுக் கடைக்கு 2022இல் நாட்டின் மிகச் சிறந்த உணவகம் என்ற ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது. அங்கே பெயர் போன பண்டம் மெல்லிசாகக் கீறி மொறுமொறுவென்று பொரித்த வெண்டைக்காய். தெற்கத்திக்காரர்களும் அதை வீட்டுப் பண்டம் மாதிரிச் சாப்பிடுகிறார்கள்.

கவலைப்பட வேண்டியது பார்பிக்யூவைப் பற்றி. இங்கே அது பன்றிக்கறி. கிழக்கில் முழுப் பன்றியைச் சுட்டு வினிகரும் மிளகாயும் விடுவார்கள், லெக்ஸிங்டன் பக்கம் தோள்பட்டைக் கறி மட்டும், கொஞ்சம் தக்காளி சேர்த்து. எது சரி என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை நடக்கும். முறைப்படி செய்தால் விறகுக் கனலில் ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். நிலம் விலையேறிய இடத்தில், வயதான ஒரு மனிதர் விறகு வெட்டி விடிய விடிய நெருப்பு பார்ப்பதற்கு என்ன கணக்கு கட்டுப்படியாகும்? கேஸ் அடுப்பில் வெந்த கறிக்கு அந்தப் புகை வாசம் இல்லை. நீங்கள் கறி சாப்பிடுபவரானால் விறகு அடுக்கி வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள்.

பனி அதிகம் விழாத ஊரில் ஐஸ் ஹாக்கிக்கு இத்தனை கூட்டம் எப்படி?

இங்குள்ள கரோலினா ஹரிகேன்ஸ் அணியே குடிபெயர்ந்து வந்ததுதான். 1997இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டிலிருந்து வந்தது, 2006இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. வடக்கிலிருந்து வந்தவர்கள் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள், ஆட்டத்துக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி ஊரே கூடிச் சாப்பிடும் வழக்கத்தைத் தெற்கு கொடுத்தது. கேரிக்குப் பக்கத்து ஊரான மோரிஸ்வில்லில் 2023இல் மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. அதற்குத் தெற்கு எதைக் கொடுக்கும் என்று இன்னும் இருபது வருடம் கழித்துச் சொல்கிறேன்.

நம் கோயில்களையும் கடைகளையும் பார்த்து உள்ளூர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்?

எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. கேரியில் வெங்கடேசுவரர் கோயில் 2009இல் திறந்தது. 87 அடி ராஜகோபுரத்தை 2022 தீபாவளியன்று மாநில ஆளுநர் ராய் கூப்பர் வந்து திறந்து வைத்தார். அதே சமயம், ‘ஊர் கைவிட்டுப் போய்விட்டது’ என்று முணுமுணுப்பவர்களும் இருக்கிறார்கள், நான் காதால் கேட்டிருக்கிறேன்.

புதிதாக வந்தவர்கள் ஒரு கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். “நீங்க எந்த சர்ச்சுக்குப் போறீங்க?” என்று பழைய ஆட்கள் அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் கேட்பார்கள். பெரும்பாலும் அதில் மதம் மாற்றும் நோக்கம் கிடையாது. நாம் “உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்பதைப் போன்றது அது. இங்கே ஒரு மனிதரின் உறவு, நட்பு, சாவு வாழ்வு எல்லாம் சர்ச்சைச் சுற்றி. கோயிலின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் “அங்கே சாப்பாடு போடுவாங்களாமே?” என்பதாக இருக்கும்.

வந்தவர்களை எல்லா இடத்திலும் இப்படித்தான் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. டெக்சாஸ் கடற்கரைக்கு 1975க்குப் பின் வியட்நாமிய அகதிகள் வந்து இறால் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1979இல் சீட்ரிஃப்ட் என்ற சிற்றூரில் நண்டுப் பொறி வைக்கும் இடம் பற்றிய தகராறு கொலையில் முடிந்து, வியட்நாமியர் படகுகள் எரிக்கப்பட்டன. 1981இல் கால்வெஸ்டன் விரிகுடாப் பக்கம் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கூட்டம் போட்டு மிரட்டியது. மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். தடையாணை கொடுத்த நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட், ஒரு கறுப்பினப் பெண். இன்று அந்த விரிகுடாவுக்குப் பக்கத்து ஹூஸ்டனில் லூசியானாக் கேஜன் மசாலாவில் வெந்த கிராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலை வியட்நாமியர்கள் பூண்டு வெண்ணெயில் புரட்டிக் கொடுப்பது ஊரின் அடையாளச் சாப்பாடு. இரண்டுக்கும் நடுவே நாற்பது வருடத்துக்கு மேல். விருந்தை மட்டும் சொல்லி, எரிந்த படகுகளை விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

வளர்ச்சியால் உண்மையில் யாருக்கு இழப்பு?

இதற்குத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஆனால் குறைவாகக் கேட்கப்படுகிறது.

டர்ஹமில் ஹேட்டி என்ற கறுப்பினப் பேட்டை இருந்தது. கடை, மருத்துவமனை, திரையரங்கு, நூலகம் எல்லாம் அவர்களே நடத்தியது. 1898இல் தொடங்கி, அதே ஊரின் பாரிஷ் தெருவில் இருந்த அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் நாடறிந்தது. 1960களில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் ஹேட்டியின் ஊடே விரைவுச்சாலை போட்டார்கள். 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கிளப்பப்பட்டன, சுமார் 500 தொழில்கள் போயின. அந்தச் சாலை 147ஆம் எண் சாலை. ஆராய்ச்சிப் பூங்காவுக்கு நம்மில் பலர் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறோம். இதே மாநிலத்துச் சார்லட்டில் புரூக்ளின் என்ற கறுப்பினப் பேட்டையும் அதே காலத்தில் அப்படியே தரைமட்டமானது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரமோ 1928லேயே திட்டம் போட்டுக் கறுப்பினத்தவரைக் கிழக்குப் பக்கம் ஒதுக்கியது. பின்னாளில் அந்தக் கிழக்குப் பக்கம் விலையேறியதும் அங்கிருந்தும் போக வேண்டியதாயிற்று. 2000க்கும் 2010க்கும் இடையில் வேகமாக வளர்ந்த பெருநகரங்களில் கறுப்பினத்தவர் எண்ணிக்கை குறைந்தது ஆஸ்டினில் மட்டும்தான்.

அன்று புல்டோசர் செய்ததை இன்று நில விலை சத்தமில்லாமல் செய்கிறது. எங்கள் வேக் கவுன்ட்டியில் 2024இல் சொத்துகளை மறுமதிப்பீடு செய்தபோது வீடுகளின் மதிப்பு சராசரியாக 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. வரி விகிதத்தைக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் சராசரியைவிட அதிகமாக மதிப்பு ஏறிய பழைய பேட்டைகளில் குறைத்த விகிதத்திலும் பில் கூடும். கடனெல்லாம் கட்டி முடித்து ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிக்கு வீட்டு மதிப்பு ஏறியதால் கையில் ஒரு காசும் வருவதில்லை, வரி பில்தான் வருகிறது. தபால் பெட்டியில் ‘உங்கள் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்’ என்று வாரம் ஒரு அட்டை. தென்கிழக்கு ராலேயில் சின்னச் செங்கல் வீடு இடிந்து, அதே மனையில் மூன்று மாடி வீடு எழும்புவதைப் பார்க்கலாம். ஒரு பேட்டையில் பாதிப் பேர் போய்விட்டால் சர்ச்சின் பாடகர் குழு கலைகிறது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கிறது. பண்பாடு போவது இப்படித்தான்.

எங்கள் வீடும் ஒரு காலத்தில் புகையிலை நிலமாக இருந்த மனையில்தான் நிற்கிறது. வந்தது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. யார் இடத்தில் நிற்கிறோம் என்று கேட்காமல் இருப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

‘வந்தவர்கள்’ என்றதும் வெள்ளையரையும் ஆசியரையும் மட்டும் நினைக்காதீர்கள். 1910 முதல் 1970 வரை தெற்கின் கொடுமைக்குத் தப்பிச் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். எழுபதுகளிலிருந்து அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் சிகாகோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அட்லாண்டாவுக்கும் சார்லட்டுக்கும் திரும்பி வருகிறார்கள். அவர்களைப் புதியவர்கள் என்பதா, ஊர்க்காரர்கள் என்பதா?

அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புத் தளபதிகளின் சிலைகள் அகற்றப்பட்டது வெளியூர்க்காரர்களால் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் கறுப்பினத் தெற்கத்தியரை ஊர்க்காரர்களாக எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். அந்தச் சிலைகளுக்கு எதிராகத் தலைமுறைகளாகப் பேசியவர்கள் இதே மண்ணில் பிறந்தவர்கள்.

நாஷ்வில், ஆஸ்டின் மாதிரி ஊர்கள் இசையைக் காப்பாற்றிக்கொண்டனவே?

பாதிதான். ஆஸ்டின் 1991லிருந்து தன்னை உலகின் நேரடி இசைத் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் அங்கே வாசிப்பவர்களால் வாடகை கொடுக்க முடியவில்லை. நாஷ்வில்லில் பல பெரிய பாடல்கள் பதிவான ஆர்சிஏ ஸ்டுடியோ ஏ-வை 2014இல் இடிக்கப் போனார்கள். கலைஞர்கள் போராட, கடைசி நேரத்தில் ஒருவர் வாங்கிக் காப்பாற்றினார்.

பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

எதிரே வரும் காருக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குங்கள். வயதில் பெரியவர்களை ‘மேம்’, ‘சார்’ என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் பிள்ளைகளுக்கு நாக்கு வராது, தெற்கத்திக்காரர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், பெயருக்கு முன்னால் பெண்ணானால் ‘மிஸ்’, ஆணானால் ‘மிஸ்டர்’ சேர்த்துவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று சாவு ஊர்வலம். விளக்கெரிய வரிசையாகக் கார்கள் மெதுவாக வந்தால், எதிர்ப்பக்கம் வருபவர்களும் ஓரம் கட்டி நிற்பார்கள். முதல் வருடம் ஒரு கிராமத்துச் சாலையில் எனக்கு முன்னால் போன லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். இறந்தவரை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் ஊரில் பிணம் போகும்போது கடைக்காரர் கதவைப் பாதி சாத்துவார், சைக்கிளில் வருபவர் இறங்கி நிற்பார். அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்கு அந்நியம் இல்லை என்று தோன்றியது. இப்போது ராலே சாலைகளில் அந்த வரிசையை முந்திப் போகிறார்கள், ஹார்ன் அடிப்பவர்களும் உண்டு. தெரியாமல் செய்வதுதான். அதனால்தான் எழுதுகிறேன்: நில்லுங்கள், இரண்டு நிமிடம்.

போன மாதம்தான் வந்தோம். ஊரைத் தெரிந்துகொள்ள முதலில் எங்கே போகலாம்?

அக்டோபரில் மாநிலச் சந்தைத் திருவிழா. 1853இல் தொடங்கியது. ராட்டினத்துக்குப் போகும் முன் கால்நடைக் கொட்டகைக்குப் போங்கள், விவசாயிகளின் பழைய பேச்சு இன்னும் அங்கே கேட்கும்.

அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை டர்ஹமுக்கு வடக்கே ஸ்டாக்வில்லுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கட்டணம் இல்லை. 1860இல் அது சுமார் 30,000 ஏக்கர் பண்ணை, ஏறத்தாழ 900 பேர் அங்கே அடிமைகளாக இருந்தார்கள். சொந்தக்காரர்களில் கேமரன் குடும்பமும் உண்டு. ராலேயில் நீங்கள் மளிகை வாங்கப் போகும் வில்லேஜ் டிஸ்ட்ரிக்ட் 2021 வரை அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கியிருந்தது. ஸ்டாக்வில்லில் ஹார்ட்டன் குரோவ் என்ற இடத்தில் அடிமைகள் வாழ்ந்த மர வீடுகள் நிற்கின்றன. புகைபோக்கிச் செங்கற்களை அவர்களே அறுத்துச் சுட்டார்கள். கிட்டத்தில் போய்ப் பாருங்கள், ஈரமாக இருக்கும்போது தூக்கி வைத்த விரல்களின் தடம் சில கற்களில் பதிந்திருக்கிறது.